ஸ்வாலா காரின் முன்தூண்

போலீசுக்கும் ஆம்புலன்ஸ்காரர்களுக்கும் அடுத்தபடியாக எங்கள் பக்கத்துச் சாலைகளில் ரத்தம் அதிகம் பார்த்தவர்கள் நானும் சிக்ஸ்டனும்தான். நாங்கள் இருவரும் ஸ்வாலா கார் கம்பெனியின் தொழிலாளிகள். ஸ்வாலா ஒன்று எதன்மீதாவது மோதி, உள்ளே இருந்தவருக்குப் பலத்த அடி என்றால் போலீஸ்காரர்கள் எங்களுக்கும் ஒரு போன் போடுவார்கள். அளவு நாடா, கேமரா, நோட்டுப் புத்தகம், காபி பிளாஸ்க் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்புவோம். தகடு எத்தனை சென்டிமீட்டர் மடங்கியிருக்கிறது, தலை எங்கே இடித்தது, பெல்ட் பிடித்ததா என்று அளந்து எழுதுவோம். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்தவர்களிடம் பேசுவோம். பிழைத்தவர் யாருமில்லை என்றால் வீட்டாரிடம். எழுதியதை எஞ்சினியர்கள் படித்து அடுத்த காரில் ஏதாவது மாற்றுவார்கள். இருபத்தைந்து வருஷம் இதுதான் வேலை.

என் பெயர் ரவுனி. பத்தொன்பது வயதில் பின்லாந்திலிருந்து கப்பலேறி ஸ்வீடனில் இந்த எல்வ்ஃபோர்ஸுக்கு வந்தவள். அப்போது ஸ்வாலாவின் வெல்டிங் பிரிவில் பாதிப் பேர் ஃபின்காரர்கள். "வெல்டிங்குக்குள்ள போறியா? பாஸ்போர்ட் எடுத்துக்க" என்று ஸ்வீடன்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அங்கே கதவு மாட்டும் வரிசையில் நின்ற யோஸ்தாவைக் கட்டிக்கொண்டேன். எட்டு வருஷ வெல்டிங்கில் என் முதுகு போனது. பனியில் கார் ஓட்டத் தெரியும், ரத்தத்தைப் பார்த்து வாந்தி எடுக்க மாட்டேன் என்ற இரண்டு தகுதிகளுக்காக விபத்துப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

சிக்ஸ்டன் ரிட்ஹோல்ம் அங்கே எனக்கு முன்பே இருந்தான். ஒல்லி, உயரம், வாத்தியார் மகன். அதிகம் பேச மாட்டான். எதையும் மூன்று தடவை அளப்பான்.

"ரெண்டு தடவ ஒரே அளவு வந்துச்சே, இன்னும் என்ன?" என்பேன்.

"ரெண்டு தடவயும் ஒரே தப்பு பண்ணியிருக்கலாம்ல?" என்பான்.

ஸ்வாலா என்பது ஸ்வீடிஷில் தகைவிலான் குருவியின் பெயர். ஆனால் முதல் காரைப் பார்த்தவர்களுக்குக் கவிழ்த்துப் போட்ட படகுதான் ஞாபகம் வந்ததாம். கம்பெனி அதுவரை அருவிக்கரை மின்நிலையங்களுக்கு டர்பைன் செய்துகொண்டிருந்தது. யுத்தம் முடிந்ததும் ஆர்டர் இல்லை, கார் செய்யலாம் என்று இறங்கினார்கள். அந்தக் காரை வரைந்த பதினாறு பேரில் ஒருவருக்குத்தான் வண்டி ஓட்டும் லைசென்ஸ் இருந்தது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. வண்டி புகை கக்கியது, தையல் மெஷின் மாதிரி சத்தம் போட்டது. சாவி போடும் இடம் ஸ்டியரிங் பக்கத்தில் கிடையாது, இரண்டு சீட்டுக்கும் நடுவே தரையில் இருந்தது. மோதலில் சாவி முழங்காலில் குத்திவிடும் என்று அங்கே வைத்தார்கள். உலகம் சிரித்தது. ஆனால் பனிமலைச் சாலைகளில் மற்ற கார்கள் பள்ளத்தில் கிடக்க இது மட்டும் போய்க்கொண்டிருந்தது. முதலில் கிராமத்து டாக்டர்களும் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர்களும் வாங்கினார்கள். பிறகு பந்தயங்களில் பெரிய கார்களை முந்தியது. எண்பதுகளில் அமெரிக்காவில் பேராசிரியர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். மூன்று ஷிஃப்ட் ஓடியும் போதவில்லை. தொழிற்சாலை வாசலில் யாராவது வேறு கம்பெனிக் காரை நிறுத்தினால், திரும்பி வரும்போது கண்ணாடியில் ஒரு சீட்டு இருக்கும்: "உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

எங்கள் நாட்டுச் சாலைகளில் பெரிய பயம் எல்க் மான்தான். குதிரையைவிட உயரம், ஐந்நூறு கிலோ எடை. காரின் மூக்கு அதன் நீண்ட கால்களைத்தான் தட்டிவிடும். முழு உடம்பும் சரிந்து முன்கண்ணாடிக்கு மேலே வந்து விழும். அந்த நேரத்தில் கூரை உங்கள் தலைமேல் இறங்காமல் தாங்குபவை கண்ணாடியின் இரண்டு பக்கமும் நிற்கும் முன்தூண்கள் மட்டுமே. பழைய ஸ்வாலாவில் அவை ஆள் கை பருமன் இருக்கும். பார்வையை மறைக்கிறது என்று வாங்கியவர்கள் குறை சொல்வார்கள். சோதனைக் கொட்டகையில் தீயணைப்புக் குழாய்களைக் கட்டி ஒரு பொய் எல்க் செய்து வைத்திருந்தோம். அதற்குக் கணக்குப் பிரிவு அதிகாரியின் பெயரை வைத்து, வாரம் ஒருமுறை காரால் இடித்தோம். அவரே ஒருநாள் வந்து பார்த்து, "மூக்கு சரியா வரல" என்றார்.

இத்தனை இருந்தும் கம்பெனி ஒரு வருஷம் நன்றாக இருந்தால் இரண்டு வருஷம் தள்ளாடும். செய்வது கொஞ்சம் கார், அதில் ஒவ்வொரு திருகையும் தானே யோசித்துச் செய்ய வேண்டும் என்ற வீம்பு. தொண்ணூறில் கடல் தாண்டி ஒரு பெரிய கம்பெனி எங்களை வாங்கியது. ஊரில் கேக் வெட்டினோம். அடுத்து வந்த புது ஸ்வாலா, அவர்களுடைய வேறொரு காரின் அடித்தளத்தின் மேல், அதே காரின் தூண்களோடு செய்யப்பட்டது. தூண்கள் இரண்டு விரல் பருமன்தான். காருக்குள் நல்ல வெளிச்சம். எல்லோரும் அழகாயிருக்கிறது என்றார்கள். நானும் சொன்னேன்.

தொண்ணூற்று நான்கு அக்டோபரில், விடிந்து கொஞ்ச நேரத்தில், தால்ஸ்லாந்துக் காட்டுச் சாலையிலிருந்து போன் வந்தது. புது ஸ்வாலா, எல்க். ஓட்டியவர் ஈவார், சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். பக்கத்தில் அவர் மனைவி ஆல்ஃப்ஹில்ட், மருத்துவச்சி. ராத்திரி முழுக்க ஒரு பிரசவம் பார்த்துவிட்டு வந்தவளை அவர் வீட்டுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். அவள் அங்கேயே போய்விட்டாள்.

சிக்ஸ்டன் வலப்பக்கத் தூணை மூன்று தடவை அளந்தான். பிறகு நாடாவை என்னிடம் கொடுத்தான். "நீ அள."

நான் அளந்தேன். பழைய காரில் இதே மாதிரி மோதலில் நாங்கள் பார்த்ததைவிடப் பதினோரு சென்டிமீட்டர் கூடுதலாக உள்ளே வந்திருந்தது. அந்தப் பதினோரு சென்டிமீட்டருக்குள்தான் அவள் தலை இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஈவார் இடது கையில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். எவ்வளவு வேகம், பெல்ட் போட்டிருந்தாளா, எந்தப் பக்கம் சாய்ந்தாள். ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னார். பிறகு அவர் கேட்டார்.

"போன வருஷம் வரைக்கும் பழைய ஸ்வாலாதான் வச்சிருந்தோம். பன்னெண்டு வருஷம் ஓடுச்சு. அதுல போயிருந்தா இவ பொழச்சிருப்பாளா?"

இப்படிக் கேட்பவர்களுக்கு என்று கம்பெனி எழுதிக்கொடுத்த பதில் ஒன்று இருந்தது. "ஆராய்ச்சி நடந்துட்டிருக்குங்க, இப்பவே எதுவும் சொல்ல முடியாது" என்றேன்.

"பொழச்சிருப்பாங்க" என்றான் சிக்ஸ்டன்.

ஈவார் அவனையே பார்த்தார். நான் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரில் திரும்பும்போது கத்தினேன். "ஏன் சொன்ன? அந்தாளு இனி எப்படித் தூங்குவாரு? அவர்தானே புதுசு வாங்கினாரு?"

"கேட்டாரே."

"கேட்டா?"

"கேட்டவருக்குப் பொய் சொல்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?"

அடுத்த பதினான்கு மாதத்தில் இன்னும் இரண்டு. வார்ம்லாந்தில் ஒரு ஆசிரியர், பிறகு கணவன் மனைவி சேர்ந்து. தூண் மடங்கிய விதம் ஒன்றுபோலவே இருந்தது. சிக்ஸ்டன் முப்பது பக்கம் எழுதி அனுப்பினான். கடலுக்கு அப்பாலிருந்து வந்த பதில் இரண்டு வரி. கார் விற்கப்படும் எல்லா நாட்டுச் சட்டங்களுக்கும் பொருந்தியே இருக்கிறது, எந்த நாட்டுச் சட்டத்திலும் எல்க் பற்றி எதுவும் இல்லை.

காரின் கூடு வடிவமைப்புக்குத் தலைவராக இருந்தவர் ஹோல்கர். தொந்தி போட்ட மனுஷன், மேலுதட்டுக்குள் எப்போதும் புகையிலைப் பொடி ஒதுக்கியிருப்பார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்களைச் சோதனைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். பதில் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"பாதுகாப்புன்னு கேட்டா தர மாட்டானுங்க" என்றார். "ஆனா இரைச்சல் குறைக்கன்னு கேட்டா தருவானுங்க. அமெரிக்காவுல காத்துச் சத்தம் கேக்குதுன்னு புகார் இருக்கு. தூணுக்குள்ள ரெட்டைத் தகடு வச்சா சத்தம் குறையும்."

"குறையுமா?" என்று சிக்ஸ்டன் கேட்டான்.

"கொஞ்சம் குறையும்யா. ரொம்ப நல்ல காது இருந்தா கேக்கும்."

மூவரும் சிரித்தோம். விண்ணப்பப் பாரத்துக்கு இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் கோரிக்கையும் காரணமும். அதில் சிக்ஸ்டன் கையெழுத்துப் போட்டான். இரண்டாம் பக்கத்தில் அளவுகள் சரிபார்த்ததற்கான கையெழுத்து. அதை நான் போட்டேன். பெருமையாகத்தான் இருந்தது.

தொண்ணூற்றேழு வசந்தத்திலிருந்து வந்த எல்லா ஸ்வாலாவிலும் அந்த இரட்டைத் தகடு இருந்தது. அச்சுகளை மாற்ற வேண்டியிருந்தது, எஃகு வேறு வாங்க வேண்டியிருந்தது, கார் கனத்தது, விலை ஏறியது. இந்தத் தந்திரம் வேலை செய்கிறது என்று தெரிந்ததும் மற்ற பிரிவுகளும் கற்றுக்கொண்டன. சீட் பிரிவுக்காரர்கள் பழைய சீட்டையே மறுபடி கொண்டுவந்தார்கள், பூட்டுக்காரர்கள் சாவியை மறுபடி தரைக்கே கொண்டுபோனார்கள். எல்லாமே இரைச்சல் குறைப்பு. கடல் தாண்டி இருந்தவர்கள் மலிவான ஒரு காரை எதிர்பார்த்தார்கள், நாங்கள் எங்கள் காரைச் செய்துகொண்டிருந்தோம். அதற்குப் பிறகு நாற்பத்தொரு எல்க் மோதல்களை நாங்கள் அளந்தோம். முன்சீட்டில் ஒருவர்கூடச் சாகவில்லை. பிறகு இரண்டாயிரத்து மூன்றில் சிக்கனம் என்று சொல்லி எங்கள் பிரிவையே மூடினார்கள். சிக்ஸ்டனை உதிரிபாகக் கிடங்குக்கு அனுப்பினார்கள். என்னைச் சீருடை கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்தார்கள்.

மற்றது வேகமாக நடந்தது. உலகமெங்கும் கார் விற்பனை விழுந்தபோது பெரிய கம்பெனி எங்களைக் கைகழுவியது. சின்னக் கம்பெனி ஒன்று எடுத்துக்கொண்டது, அதற்கு மூச்சு போதவில்லை. இரண்டாயிரத்துப் பதினொன்று ஏப்ரலில் ஒருநாள் காலை கதவுக் கீல்கள் வந்து சேரவில்லை. யோஸ்தா நின்ற வரிசை நின்றது. பத்து நாள் என்றார்கள். கோடை முழுக்க அவன் தினமும் ஆறரைக்குச் சீருடை போட்டுப் போய், அசையாத வரிசைக்கு முன்னால் சீட்டு விளையாடிவிட்டு வந்தான். டிசம்பரில் கோர்ட் திவால் என்று அறிவித்தது. சமையலறை ரேடியோவில்தான் கேட்டோம். யோஸ்தா எழுந்து ரேடியோவை அணைக்கவில்லை. அதற்குப் பின் வந்த வானிலை அறிக்கை முழுவதையும் கேட்டான். அவனுக்கு அப்போது ஐம்பத்தெட்டு. வேறு எந்த வேலையும் அவன் செய்ததில்லை.

ஜனவரியில் ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு காகிதக் கட்டு போய்ச் சேர்ந்தது. பழைய முதலாளி கம்பெனி விற்பதற்கு முன் எடுத்த பட்டியல்: அனுமதியில்லாமல் செய்யப்பட்ட மாற்றங்கள். முதல் வரிசையில் முன்தூண். பத்திரிகை அந்த விண்ணப்பப் பாரத்தின் படத்தையும் போட்டிருந்தது. முதல் பக்கம் மட்டும். கீழே சிக்ஸ்டன் ரிட்ஹோல்மின் கையெழுத்து, வாத்தியார் மகனுக்கே உரிய தெளிவோடு.

யோஸ்தா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே படித்தான்.

"பாத்தியா உன் சிக்ஸ்டன? இரைச்சல்னு எழுதி ஏமாத்தியிருக்கான். இவனுங்களாலதான் நம்ம காரு விலை ஏறி விக்காம போச்சு. பேப்பர்லயே போட்டிருக்கு."

"விக்காததுக்கு நூறு காரணம் இருக்கு, யோஸ்தா."

"நூறுல இது ஒண்ணுதானே? உனக்குத் தெரியுமா இது? நீ அவன்கூடவே சுத்துனவ."

"நான் அளக்கத்தான் போவேன்" என்றேன்.

அது பொய் இல்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நான் எழுந்து போய்க் கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினேன்.

அந்தச் சனிக்கிழமை காலை தொழிற்சங்கக் கூடத்தில் கூட்டம். மறுவேலைப் பயிற்சி பற்றிப் பேசத்தான் கூட்டினார்கள். சிக்ஸ்டனும் வந்திருந்தான், பின்வரிசையில் சுவரோரமாக. பயிற்சி பற்றிய பேச்சு பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. யாரோ பத்திரிகையை உயர்த்திக் காட்டினார்கள். பிறகு எழுந்தது என் கணவன்தான். அவன் வாழ்க்கையில் எந்தக் கூட்டத்திலும் பேசியவன் அல்ல. கையுறைகளை என் மடியில் போட்டுவிட்டு எழுந்தான்.

"சிக்ஸ்டன், நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நாப்பது வருஷம் கதவு மாட்டினேன். ஒரு கதவுகூட நான் என் இஷ்டத்துக்கு மாட்டல. குடுத்தத மாட்டினேன். நீ யாரு, உன் இஷ்டத்துக்கு மாத்துறதுக்கு?"

சிக்ஸ்டன் எழுந்து நின்றான். "சட்டத்துல எல்க் இல்லன்னு எழுதினாங்க, யோஸ்தா. ரோட்டுல இருந்துச்சு."

"நாலு பேரக் காப்பாத்தின. இங்க மூவாயிரம் பேரு செத்துட்டோம்!" என்று நடுவிலிருந்து ஒரு குரல். கைதட்டினார்கள்.

"நீங்க சாகல" என்றான் சிக்ஸ்டன். "செத்தவங்கள நான் பாத்திருக்கேன்."

அதை அவன் சொல்லியிருக்கக் கூடாது. கூடம் கொதித்தது. ஒரு காபிக் கோப்பை பறந்து சுவரில் பட்டது. சங்கத் தலைவி மேஜையைத் தட்டி அடக்கினாள். பிறகு அவளே கேட்டாள், "இத நீங்க தனியாவா செஞ்சீங்க? கூட யார் யார் இருந்தாங்க?"

சிக்ஸ்டன் என்னைப் பார்த்தான். மடங்கிய தகட்டுக்கு நாடாவைப் பிடித்துவிட்டு எண்ணைப் படிப்பானே, அந்தப் பார்வை. அவசரமே இல்லை. நான் எழுந்திருக்க அவ்வளவு நேரம் கொடுத்தான். என் காலுக்குக் கீழே தரை இருந்தது, முன்னால் பிடித்துக்கொள்ள நாற்காலி இருந்தது, எழுந்திருக்க முடியாத காரணம் எதுவும் இல்லை. நான் யோஸ்தாவின் கையுறைகளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தேன்.

"ஹோல்கர் இருந்தாரு. அவர் இப்ப உயிரோட இல்ல" என்றான் சிக்ஸ்டன். "மத்தபடி நான்தான்."

கோட்டை எடுத்துக்கொண்டு போனான். வழிவிட யாரும் காலை மடக்கவில்லை. ஒவ்வொரு முழங்காலையும் தாண்டித்தான் போனான்.

அதற்குப் பிறகு ஊர் அவனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது. கடையில் பணம் கட்டும் வரிசையில் அவனுக்குப் பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள், பக்கத்து வரிசை நீண்டுகொண்டு போகும். தபால் பெட்டியை உடைத்தார்கள். அக்டோபரில் வேட்டைக் காலம் தொடங்கியதும் அவன் வீட்டு வாசல்படியில் அறுத்த எல்க் கால் ஒன்றை யாரோ வைத்துவிட்டுப் போனார்கள், குளம்போடு. அவன் மனைவி கார்ல்ஸ்டாடில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள் திரும்பி வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவன் வீட்டைப் பூட்டிவிட்டு, தால்ஸ்லாந்துக் காட்டுக்குள் அவர்கள் கோடைக்கு என்று வைத்திருந்த மரக்குடிலுக்குப் போய்விட்டான்.

ஏப்ரலில், பனி உருகிச் சாலை சேறாகக் கிடந்தபோது, அவனைப் பார்க்கப் போனேன். யோஸ்தாவிடம் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லியிருந்தேன். சிக்ஸ்டன் குடிலுக்கு முன்னால் விறகு பிளந்துகொண்டிருந்தான். ரொம்ப இளைத்திருந்தான். கோடரியைக் கீழே வைக்கவில்லை.

"ஏன் என் பேரச் சொல்லல?" என்று கேட்டேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த நூறு வார்த்தைகளில் அது ஒன்றுதான் வந்தது.

"அத நான் ஏன் சொல்லணும்? நீ சொல்லியிருக்கணும்."

"பயந்துட்டேன், சிக்ஸ்டன்."

"தெரியும். யோஸ்தா பக்கத்துல உக்காந்திருந்த. உன் புருஷன் பேசுறான், நீ கையுறைய மடிச்சிட்டிருந்த. அழகா மடிச்ச."

"யோஸ்தாவுக்கு இப்ப மாத்திரை குடுக்குறாங்க. நாள் பூரா படுக்கையிலயே கெடக்கான். அவன்கிட்ட நான் எப்படி..."

"அது உன் வீட்டு விஷயம்."

கட்டையை நிறுத்தினான். ஒரே வெட்டில் பிளந்தான். இன்னொன்றை எடுத்தான்.

"உனக்காகத்தான் சொல்லலன்னு நெனச்சுக்காத" என்றான். "சொன்னா என்ன ஆயிருக்கும்? ரெண்டு பேரு நின்னிருப்போம். எனக்கு அது நல்லாயிருந்திருக்கும். ஆனா கேட்டு வாங்குற துணை எனக்கு வேண்டாம்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். "காபி குடிக்கிறியா?" என்று கடைசியில் கேட்டான். நான் "வேண்டாம்" என்றேன். "சரி" என்றான். குடித்திருக்கலாம். அவன் எனக்குக் கொடுத்த கடைசி இடம் அது, அதையும் விட்டுவிட்டேன்.

மே மாதம் யோஸ்தாவிடம் சொன்னேன். காலைச் சாப்பாட்டில், முட்டை வெந்துகொண்டிருக்கும்போது. இரண்டாம் பக்கம் இருந்தது, அதில் என் கையெழுத்து இருந்தது, மறுபடி கேட்டாலும் போடுவேன் என்றேன். அவன் முட்டையை எடுத்து உரித்தான். உரித்து முடித்துத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனான். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் தோட்டத்தில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றான்.

"ஏய் ஃபின்காரி." முப்பத்தெட்டு வருஷமாக என்னை அப்படித்தான் கூப்பிடுவான். "அன்னிக்கு நான் பேசறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்."

"ஊரே என் தோளைத் தட்டுச்சு. நல்லாப் பேசினேன்னு. எல்லாம் போன பெறகு எனக்குன்னு மிஞ்சினது அது ஒண்ணுதான்." கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டான். "வேற யாருக்கும் சொல்லாத."

சொல்லவில்லை. ஒன்பது மாதம் சொல்லவில்லை. இரண்டு பேராகச் சேர்ந்து மறைப்பது ஒருத்தியாக மறைப்பதைவிடச் சுலபம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாயிரத்துப் பதினாலு பிப்ரவரியில் சிக்ஸ்டன் குடில் வாசலில் பனி வாரும்போது விழுந்தான். இதயம். இரண்டு நாள் கழித்துச் சாலைப் பனி தள்ள வந்த வண்டிக்காரன் பார்த்தான். அந்த இரண்டு நாளும் பனி பெய்திருந்தது. பத்திரிகையில் சின்னக் கட்டத்தில் மரண அறிவிப்பு வந்தது. யோஸ்தா அதை எனக்கு முன்னாலேயே பார்த்துவிட்டு, பத்திரிகையை அந்தப் பக்கம் மேலே தெரியும்படி மடித்து மேஜையில் வைத்திருந்தான்.

அடக்கத்துக்கு அவன்தான் கார் ஓட்டி வந்தான். சர்ச் வாசலில் நிறுத்தினான். இறங்கவில்லை.

"வாயேன்" என்றேன்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது?" என்றான். "நீ போ. ஹீட்டர் போட்டு உக்காந்திருக்கேன்."

உள்ளே என்னோடு சேர்த்துப் பதினோரு பேர். தொழிற்சாலையிலிருந்து வேறு யாரும் இல்லை. முடிந்ததும் சர்ச் கூடத்தில் காபியும் இறால் வைத்த ரொட்டிக் கேக்கும் வைத்திருந்தார்கள். இறந்தவரைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்றார் பாதிரியார். மகள் பேசினாள். பக்கத்துக் குடில்காரர் பேசினார். பிறகு நான் எழுந்தேன். நாங்கள் செய்த வேலையைச் சொன்னேன், தூணைப் பற்றிச் சொன்னேன், நாற்பத்தொரு மோதல்களைச் சொன்னேன். இரண்டாம் பக்கத்தில் இருந்தது என் கையெழுத்து, சங்கக் கூடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை என்றும் சொன்னேன். ஒரு கிழவருக்குக் காது கேட்காமல் பக்கத்திலிருந்தவள் அவர் காதில் எல்லாவற்றையும் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் குற்றத்தை நான் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

சிக்ஸ்டனின் மனைவி என்னைப் பார்த்துச் சொன்னாள், "இத அவர் உயிரோட இருக்கும்போது சொல்லியிருக்கலாம்."

"ஆமா."

"நானும் போயிருக்கக் கூடாது" என்றாள். "உக்காரு. கேக் எடுத்துக்க."

வீட்டுக்கு வந்ததும் அதையே பத்திரிகைக்கு ஒரு கடிதமாக எழுதினேன். யோஸ்தாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தான். சங்கக் கூடத்தில் எழுந்து பேசியவர் என்ற இடத்தில் அவன் பெயரை விட்டுவிட்டு 'ஒரு தொழிலாளி' என்று போட்டிருந்தேன். பேனா எடுத்து அதை அடித்து, மேலே யோஸ்தா என்று தன் கையாலேயே எழுதினான். நாங்கள் இருவரும் அழவில்லை.

பத்திரிகை அதை ஆறாம் பக்கத்தில், காணாமல் போன நாய் விளம்பரத்துக்குப் பக்கத்தில் போட்டது. மூன்று போன்கள் வந்தன. ஒருவன் என்னை ஃபின்நாட்டு நாயே என்று திட்டினான். ஒருத்தி ஐந்து வருஷத்துக்கு முன்னால் எல்க் மோதிப் பிழைத்தவளாம், வேறு எதுவும் சொல்லத் தெரியாமல் நன்றி நன்றி என்றாள். அந்த நன்றியை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது போனில் யாரும் பேசவில்லை. பின்னால் ரேடியோ ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வைத்துவிட்டார்கள்.

அன்று மத்தியானம் யோஸ்தா பால் வாங்கக் கடைக்குப் போனான். சீக்கிரமே திரும்பிவிட்டான். ஷூவைக் கழற்றாமல் நடையிலேயே நின்றான்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. யாரும் ஒண்ணும் சொல்லல."

"பால்?"

"எனக்குப் பின்னாடி யாருமே நிக்கல, ரவுனி" என்றான். "அப்படியே வச்சிட்டு வந்துட்டேன்."

மறுபடி கோட்டை மாட்டிக்கொண்டு இருவரும் காரில் ஏறினோம். நாற்பது கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊரில் பால் வாங்கினோம். இன்றைக்கும் அங்கேதான் வாங்குகிறோம், செவ்வாய்க்கிழமைகளில், ஒரு வாரத்துக்கு வேண்டியது மொத்தமும்.